இரும்பு படாத சுவர்

டிசம்பர் 1, திங்கள்
காலையில் தூறல். என்னைக் கட்டிய துரைக்குச் சுவர் வேலை பார்க்க நல்ல நாள்.

ஆடியில் பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது இவர் மருந்து கலக்கும் ரூமுக்குப் பக்கத்து ரூம். இவருக்குக் கீறல்கூட இல்லை. அன்று பூட்டிய கம்பெனி இன்று திறப்பு. ஏழு மணிக்கு வேன். கையில் தீக்காயம் பட்ட முத்துகூட ஏறிவிட்டான். இவர் ஏறவில்லை. பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கணும், சுவரைச் சுரண்டிவிட்டு வருகிறேன் என்று டிரைவரிடம் பெரிய மனுஷன் மாதிரி பதில். பொங்கலுக்கு இன்னும் ஒன்றரை மாதம்.

நான் பிரஸ்ஸில் நாள் முழுக்கக் காலண்டருக்குத் தகரம் அடித்துவிட்டு வந்து பார்த்தால், சுரண்டியது ஒரு கதவளவு.

டிசம்பர் 3, புதன்
வாங்க: பட்டி மாவு, உப்புத்தாள், சோப்பு, வற்றல்.

இரும்புத் தகடு வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை. மூங்கில் சில்லால் சுரண்டுகிறார், அதுவும் சுவரை நனைத்து நனைத்து. தூசி பறக்கக் கூடாதாம். ஈரத்தில் பட்டி எப்படிப் பிடிக்கும்? பூசியதெல்லாம் சாயங்காலத்துக்குள் உரிந்து தரையில். கேட்டால் சுவர் சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

எதிர்வீட்டு மதினி எட்டிப் பார்த்து, "அண்ணன் செவத்தைக் குளிப்பாட்டுதாகளோ" என்றாள். நானும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று. வெட்கக்கேடு.

டிசம்பர் 5, வெள்ளி
வெயில். ஃபோர்மேன் போன். திங்கள் வராவிட்டால் கலவைக்கு வேறு ஆளாம். இவரிடம் சொன்னேன். தலையாட்டினார். மாடு இதைவிடத் தெளிவாக ஆட்டும்.

சுவர் சுரண்டும் அறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுகிறார். செல்போனை அடுக்களையில் வைக்கிறார். வாசல் குழாயை ஒருமுறை தொடுகிறார். மருந்து ரூமுக்குள் போக அப்படித்தான் விதி, உடம்பிலிருந்து ஒரு பொறி பறக்கக் கூடாதாம். வீட்டுச் சுவருக்கு எதற்கு? கிறுக்கு.

டிசம்பர் 7, ஞாயிறு
லீவு. இவரை நம்பினால் சித்திரைக்கும் ஆகாது. நானே தகட்டை எடுத்தேன். காய்ந்த இடத்தில் வைத்து ஒரே இழுப்பு. கரகரவென்று சத்தம்.

எங்கிருந்தோ ஓடி வந்து என்னை அப்படியே தூக்கித் தெருவில் போட்டார். மேலே கவிழ்ந்து என் காதைப் பொத்திக்கொண்டார். அவர் நெஞ்சு அடிப்பது என் முதுகில் தெரிந்தது. மதினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, என் முழங்கை மண்ணைத் தட்டிவிட்டார். "இரும்பு வேண்டாம், செல்வி."

நாலு மாதம் ஒரே வீட்டில் இருந்து நான் என்னத்தைப் பார்த்தேன்? பெரிய புத்திசாலி.

சாயங்காலம் மறுபடியும் ஃபோர்மேன். "நாளைக்கு வேன்ல ஏறிருவான்லம்மா? ஆர்டர் அம்புட்டு கெடக்கு."

"அவுக வர மாட்டாக. நாளைக்கு மட்டுமில்ல, இனி எப்பவும். வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றேன்.

வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் படியில் உட்கார்ந்து அழுகிறார். சத்தமே இல்லை. அழக்கூட உருப்படியாகத் தெரியாத மனுஷன்.