மாஞ்சோலைப் புலியும் என் மருமகளும்

6-6-94, திங்கள்
எவனும் நம்பாத கதை ஒன்றை, நெல்லையப்பர் அறிய, இன்று தொடங்குகிறேன். அக்காள் மகள் விஜயஸ்ரீ பாளையங்கோட்டையில் வேலைக்குப் போகிறாள். வலிப்புக்காரர்களுக்கென்று நடக்கும் தொண்டு நிறுவனம். மூன்று மாதப் பயிற்சி, சம்பளம் கிடையாது. அவளைக் கண்டு டவுன் பஸ்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டதாகக் கேள்வி.

எதுக்கு இந்த வேலை என்று அக்காள் கேட்டாள். "மாமாவுக்காகத்தான்" என்று என்னைக் காட்டினாள் விஜயஸ்ரீ. அக்காள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அந்த நோயின் பேரை எங்கள் வீட்டில் குசுகுசுவென்றுதான் சொல்வோம். வெளியே தெரிந்தால் இவளை எவன் கட்டுவான்? ஊரைப் பொறுத்தவரை, என் நெற்றித் தழும்பு மாஞ்சோலைப் புலி அடித்தது. வருஷா வருஷம் வளர்த்ததில், புலியின் வால் இப்போது மணிமுத்தாறு அணையைத் தொடுகிறது.

9-6
விஜயஸ்ரீ என் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடுங்கப் பார்த்தாள். அதில் ஒரு சாவிக்கும் பூட்டு கிடையாது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு வைக்க வேண்டாமா? "இரும்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல மாமா. மாத்திரைக்குத்தான் கேக்கும்." பெரிய டாக்டர்களே எழுந்து நின்று கேட்க வேண்டிய பேச்சு. ஆனாலும் கொடுக்கவில்லை. புலியோடு மல்லுக்கட்டியவன் மாத்திரை தின்பதா?

17-6
நாக்கு கடிபட்டிருக்கிறது. தலை கனம். நாளை எழுதலாம்.

18-6
நேற்று ஆழ்வார்திருநகரியில் விஜயஸ்ரீயின் நிறுவனம் நடத்திய முகாம். எங்கள் தெரு இசக்கியப்பனோடு வேடிக்கை பார்க்கப் போனேன். விஜயஸ்ரீ பேசினாள், லட்சம் ஜனம், தாமிரபரணியே நின்று கேட்டது. அந்த நேரம் பார்த்தா நான் விழணும்?

கண்ணுக்கு முந்திக் காது விழித்தது. இசக்கியப்பன் சாவி, சாவி என்று என் இடுப்பைத் தடவுகிறான்.

"சாவி வேண்டாம் அண்ணாச்சி. ஒருச்சாய்ச்சுப் படுக்க வைங்க. பைய முழிச்சிருவாவ."

யாரு தாயி இது என்று ஒரு கிழவி கேட்டாள்.

"எங்க மாமா. வலிப்பு இருக்கு."

"புலி அடிச்சதுன்னுல்லா சொன்னாவ?" – இசக்கியப்பன்.

"புலியெல்லாம் இல்ல."

போச்சு. அவ்வளவு பெரிய புலி, ஒரே வார்த்தையில் செத்தது.

3-7
மாத்திரை தின்கிறேன். இசக்கியப்பன் வந்திருந்தான். தன் தங்கை மகனுக்கும் உண்டாம், முகாம் எப்போது என்று என் காதோடு கேட்டான். சாவிக்கொத்து ஆணியில் தொங்குகிறது. அக்காள் ஜன்னலைச் சாத்தவில்லை.

லட்சம் பேர் இல்லை, நாற்பது இருக்கும். ஆறு அதுபாட்டுக்கு ஓடியது. ஆனால் 'எங்க மாமா' என்று சொன்னபோது பிள்ளை குரலைத் தாழ்த்தவில்லை. அது மட்டும் நிசம்.