என் வீட்டிலிருந்து பள்ளிக்கு 4.83 கிலோமீட்டர்

அனுப்புநர்:
நெவில் க்ராடக்,
வெள்ளைப் பேருந்து (கதவு மட்டும் பச்சை),
பன்றிக் கொட்டகைக்கு அடுத்த இடம்,
கண்காட்சித் திடல், பரலூக்கா,
குயின்ஸ்லாந்து.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பள்ளிப் பயண உதவி அலுவலகம்,
இன்ஸ்ஃபோர்ட்.

பொருள்: என் மகள் ப்ரான்வின் க்ராடக்கிற்குப் பள்ளிப் பேருந்தில் இடம் மறுக்கப்பட்டது – தங்கள் அலுவலகக் கடிதங்கள் மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவது – பயண அட்டை உடனே வழங்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதங்கள், நாள் 29.5.2023, 19.6.2023, 2.8.2023.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள உறவை முடித்துக்கொண்டவன். பள்ளிக்கூடமும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எனவே இந்த மனுவில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் மட்டும் பிழை இராது. அதை என் மகள் சரிபார்த்துவிட்டாள்.

1. நான் கரும்பாலையில் பிற்பகல் ஷிப்ட் பார்க்கிறேன். என் மனைவி லொரெய்ன் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறாள். இரண்டு பேர் சம்பளத்தில் ஒருவர் சம்பளம் அப்படியே வீட்டு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாடகை வீட்டைக் காலி செய்தோம். காரையும் விற்றோம். ஏலத்தில் வந்த பழைய பள்ளிப் பேருந்து ஒன்றை வாங்கிக் கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து அதில் குடியேறினோம். முன்பக்கத்து இருக்கைகள் எட்டைப் பெல்ட்டோடு அப்படியே விட்டுவைத்தோம். அதுதான் எங்கள் வரவேற்பறை. கண்காட்சித் திடலில் முறைப்படி அனுமதி பெற்று, வாராவாரம் கட்டணம் செலுத்தித்தான் நிற்கிறோம். குடியேறிய அன்று என் தம்பி வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கூத்து ஆறு மாசம் தாங்காது, மழைக்காலம் வரட்டும், ஓடி வருவ" என்றான். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சென்ற மாதம் ஊருக்குள்ளேயே ஒரு மனை எங்கள் பெயரில் பதிவாகிவிட்டது. பத்திரத்தை அவன் கையில் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மன்னிக்கவும்.

2. குறை என்னவென்றால், என் மகள் பள்ளிக்குப் போக வேறு வண்டி கிடையாது. கரும்பு லாரிகள் போகிற ஒற்றைவழிப் பாலத்தில் மாணவர்கள் நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ கூடாது என்று தாங்களே துண்டறிக்கை கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே அவளைப் பள்ளியில் விட வேண்டுமானால் வீட்டைத்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். லொரெய்ன் வேலை முடிந்து ஏழேகாலுக்கு வந்து படுக்கிறாள். அதன் பிறகுதான் நான் பந்தலைச் சுருட்டி, தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் கழற்றி, தட்டுகளைக் கட்டி வைக்க முடியும். நாற்பது நிமிடம் ஆகும். ஒரு நாள் தண்ணீர்க் குழாயைக் கழற்ற மறந்து வண்டியை எடுத்துவிட்டேன். திடலின் குழாய் எங்களோடு கிளம்பி வந்தது. அன்று பரலூக்காவில் முதல் நீரூற்று திறந்துவைக்கப்பட்டது.

முதல் முறை போனபோது லொரெய்ன் பள்ளி வளாகத்தில்தான் கண் விழித்தாள்.

"நெவில், வெளிய என்ன சத்தம்? நாம எங்க இருக்கோம்?"

"ஸ்கூல்ல. திரைய விலக்காத. தலைமையாசிரியர் கை காட்டிட்டு நிக்கிறார்."

"இனிமே வீட்ட எங்கயாவது எடுத்துட்டுப் போறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ!"

என் மகளும் அன்று மாலை சொன்னாள்: "அப்பா, மத்த பிள்ளைங்க எல்லாம் வீட்டுலேருந்து ஸ்கூலுக்கு வராங்க. நான் ஒருத்திதான் வீட்டோட வரேன். பின்னாடி கொடியில உங்க ஜட்டி வேற பறக்குது." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் கொடியை அன்றே இடம் மாற்றினேன்.

3. இப்படிப் போனதில், எஞ்சின் கிளம்ப அடம்பிடித்த பல நாள் அவளுக்குத் தாமதமாகிவிட்டது. ப்ரான்வின் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பிற்பகலில் கால்நடை மருத்துவமனையில் பயிற்சிக்குப் பள்ளி அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஊருக்கே ஒரே ஓர் இடம். நாய்க்கு ஊசி போடும்போது நாயைவிட அதன் உரிமையாளரைப் பிடித்து நிறுத்துவதில் அவள் கெட்டிக்காரி என்று அங்குள்ள மருத்துவரே சொன்னார். பள்ளிக்குத் தாமதமாக வந்த நாட்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மே மாதம் வரை கணக்கிட்டதில் இன்னும் மூன்றுதான் மீதி இருந்தது.

4. பள்ளிப் பேருந்தோ தினமும் எங்கள் திடல் வாசலிலேயே நின்று போகிறது. எனவே விண்ணப்பித்தேன். எங்கள் இடத்திலிருந்து பள்ளி 4.74 கிலோமீட்டர், 4.8 இருந்தால்தான் தகுதி என்று 29.5.2023 நாளிட்ட கடிதம் வந்தது. அறுபது மீட்டர் குறைவு. பேருந்து ஓட்டும் க்ளெண்டா அதை வாங்கிப் படித்துவிட்டு, "என் பஸ் நீளத்துக்கு அஞ்சு பஸ்கூட இல்லடா இது! மத்தவங்க வீடுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. உன் வீட்டுக்குத்தான் சக்கரம் இருக்கே, நகத்தேன்" என்றாள்.

அம்மா, எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. அன்றே திடல் காவலர் காலினிடம் போய், கடைசி மூலையில், பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்தில் இடம் கேட்டேன். "அங்கயா? அங்க நிக்கப் பன்னியே யோசிக்கும்பா" என்றார். கண்காட்சிக்குப் பன்றிகள் ஆண்டுக்கு மூன்று நாள்தான் வருகின்றன. வாசனை மட்டும் ஆண்டு முழுவதும் தங்கியிருக்கிறது. இருந்தாலும் வீட்டைத் தொண்ணூறு மீட்டர் நகர்த்தினேன். மீண்டும் விண்ணப்பித்தேன்.

5. 19.6.2023 அன்று இரண்டாவது கடிதம் வந்தது. தங்கள் கள அலுவலர் திரு. கீத் மல்வேனி கையெழுத்திட்டிருந்தார். பேருந்து என்பது வாகனம், அது வசிப்பிடம் ஆகாது, ஆகவே தூரம் என்ற கேள்விக்கே இடமில்லை என்று அதில் இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் படித்தவனைப் போல ஒரு கேள்வி தோன்றியது. அது வீடே இல்லை என்றால், மே மாதம் தங்கள் அலுவலகம் எதிலிருந்து அளந்து 4.74 என்று எழுதியது? அறுபது மீட்டர் குறைந்தபோது வீடாக இருந்தது முப்பது மீட்டர் கூடியவுடன் எப்படி வண்டியாக மாறியது? இதை எழுதி மேல்முறையீடு செய்தேன். லொரெய்ன் படித்துவிட்டு, "இத நீயா யோசிச்ச?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் ஆமாம் என்றேன்.

6. இதற்கிடையில் 25.7.2023 செவ்வாய்க்கிழமை காலை, மாணவர்களோடு வந்த பள்ளிப் பேருந்து எங்கள் திடல் வாசலில் நின்றது. நின்றது நின்றதுதான். எஞ்சினில் புகை. மாற்று வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். க்ளெண்டா என்னிடம் ஓடி வந்து, "நெவில், உன் வரவேற்பறையில எத்தன சீட்டு?" என்றாள். எட்டு என்றேன். பெரிய வண்டி ஓட்டும் உரிமம் என்னிடம் உண்டு. தலைமையாசிரியர் தொலைபேசியில் அனுமதி கொடுத்தார். எட்டு, எட்டு, ஆறு என்று மூன்று நடையில் இருபத்திரண்டு பிள்ளைகளையும் பெல்ட் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். லொரெய்ன் மூன்று முறையும் விழித்தாள். முதல் நடையில், "குட் மார்னிங் ஆன்ட்டி!" என்று எட்டுக் குரல் கேட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். மூன்றாவது நடையில் எழுந்து ரொட்டி சுட்டு வெஜிமைட் தடவிக் கொடுத்தாள். என் வீட்டில் அவ்வளவு கூட்டம் அதற்கு முன் வந்ததில்லை. ஓட்டும்போது நான் பாடினேன் என்று என் மகள் சொல்கிறாள். இருக்கலாம்.

ப்ரான்வின் கதவருகே நின்று சின்னப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, தலை எண்ணி, கடைசி நடையில்தான் வந்தாள். அப்போது மணி 8.42; பள்ளி தொடங்குவது 8.30-க்கு. அந்த நடையில் வந்த ஆறு பேருக்கும் பள்ளிப் பேருந்து பழுதானதால் தாமதம் மன்னிக்கப்பட்டது. பேருந்துப் பட்டியலில் பெயர் இல்லாததால் ப்ரான்வினுக்கு மட்டும் தாமதம் என்று குறிக்கப்பட்டது. அவள் அதை எங்களிடம் சொல்லவில்லை. க்ளெண்டா சொல்லித்தான் தெரியும். கேட்டதற்கு, "பரவால்லப்பா, யாராவது ஒருத்தர் தலைய எண்ணணும்ல" என்றாள். இந்த மனுவில் என்னால் சிரிக்க முடியாத இடம் இது ஒன்றுதான்.

7. 2.8.2023 அன்று மூன்றாவது கடிதம் வந்தது. "மாற்று வாகனத்தின் ஓட்டுநருக்கு" நன்றி. இருபத்திரண்டு மாணவர்களைப் பத்திரமாகச் சேர்த்தமைக்குப் பாராட்டு. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். ஆனால் அன்று வந்தவர்கள் இருபத்து மூன்று பேர் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். என் வண்டியைத் தாங்கள் பள்ளிப் பேருந்தாக ஏற்றுக்கொண்டால், அதில் வந்தவளுக்கு மன்னிப்பு உண்டு. வீடாக ஏற்றுக்கொண்டால் அவளுக்குப் பயண அட்டை உண்டு. எது தங்களுக்கு வசதியோ அது எனக்கும் சம்மதம்.

8. ஜூன் மாதம் ஒன்று, 25.7.2023 அன்று ஒன்று போக, இன்றைய தேதியில் அவளுக்கு மீதி இருப்பது ஒரே ஒரு தாமதம். என் பழைய எஞ்சின் ஒரு நாள் இருமினாலும் அந்த இடம் போய்விடும்.

9. மேல்முறையீட்டின் பேரில் சென்ற வெள்ளிக்கிழமை, 11.8.2023 அன்று, திரு. மல்வேனி அவர்களே தூரத்தை உருட்டி அளக்கும் அளவுச் சக்கரத்தோடு நேரில் வந்தார். நல்ல மனிதர். முகம் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, காற்று கொட்டகைப் பக்கமிருந்து வீசியதால் இருக்கலாம். லொரெய்ன் கதவைத் திறந்து, "உள்ள வாங்க சார், டீ போடுறேன்" என்றாள்.

அப்போது நடந்ததைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். அவர் படியில் கால் வைக்கவில்லை. "வரலாங்களா?" என்று கேட்டார். பிறகு குனிந்து, இரண்டு காலணிகளையும் கழற்றி, வாசல் மிதியடிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் ஏறினார். வலது காலுறையில் ஓட்டை இருந்ததை எழுத வேண்டாம் என்று லொரெய்ன் சொன்னாள். எழுதவில்லை.

நான் முப்பது ஆண்டுகளாகப் பேருந்துகளில் ஏறி இறங்குகிறவன். ஏறுவதற்கு முன் அனுமதி கேட்டுக் காலணியைக் கழற்றிய ஒருவரையும் பார்த்ததில்லை. இதை அவரிடமே சொன்னேன். அவர் தம் காலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் டீயையே கலக்கிக்கொண்டிருந்துவிட்டு, "நெவில், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இத எழுதுற அதிகாரம் எனக்கு இல்ல, எங்க மேலாளருக்குத்தான் இருக்கு. அவங்களுக்கு எழுதுங்க. நடந்தத நடந்தபடியே எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

ஆகவே, என் மகள் ப்ரான்வினுக்குப் பயண அட்டை வழங்கியும், 25.7.2023 அன்று அவள் பெயருக்கு எதிரே குறிக்கப்பட்ட தாமதத்தை நீக்கும்படி பள்ளிக்கு எழுதியும் உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி நாளை செவ்வாய்க்கிழமையும் உண்டு என்பதால் விரைவாகச் செய்தால் நல்லது.

தூரத்தைப் பற்றி இனி ஐயம் வேண்டாம். டீ குடித்து முடித்ததும் திரு. மல்வேனி இறங்கி, காலணிகளை மாட்டிக்கொண்டு, அவற்றைக் கழற்றி வைத்திருந்த அதே இடத்தில் சக்கரத்தை ஊன்றி உருட்டத் தொடங்கினார். பள்ளி வாசலில் அது காட்டியது 4.83. அவருடைய கையெழுத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) நெவில் க்ராடக்
வீட்டுக்காரர்

இடம்: பரலூக்கா
நாள்: 14.8.2023

இணைப்பு: தங்கள் கடிதங்கள் மூன்றின் நகல், அளவுச் சீட்டு ஒன்று.