நாலாம் இலக்கக் கொன்ட்ரோலர்

நானா, இன்று காலை நம் சின்ன ரயிலின் கொன்ட்ரோலருக்குப் புது பெட்டரி போட்டேன். மூடியைக் கழற்றியதும் ஒரு வாசனை வந்தது. பழைய பெட்டரியும் உருகிய ஈயமும் தூசியும் கலந்த வாசனை. உங்கள் ரேடியோ கடை வாசனை. அதை முகர்ந்ததும், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டுப் பழகிய உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

பெட்டரி என்று சொன்னதுமே உங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். ஆமாம், வயர் இல்லாததைத்தான் வாங்கியிருக்கிறேன். கேட்டுக்கொண்டு பேசாமல் படுத்திருங்கள். இப்போது உங்களால் வேறு என்ன செய்ய முடியும்?

இதை எழுதுவதும் நான்தான். யாரிடமும் சொல்லி எழுதுவிக்கவில்லை. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும். உங்களுக்கும் அவசரம் இல்லை, எனக்கும் அவசரம் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் பக்கத்துக் கதையை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். மாத்தளையில் உங்கள் கடைக்கு மேல்மாடி அறையில், நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, உக்குவளையிலிருந்து மாத்தளைக்கு வரும் ரயில் பாதையைச் சின்னதாகச் செய்தோம். நிஜப் பாதை மாத்தளையோடு முடிந்துவிடும். நம்முடையது மட்டும் மலைக்குப் பின்னால் வளைந்து, மறுபடியும் உக்குவளைக்கே போகும். மேசை உங்களுடையது. எஞ்சின்களும் பெட்டிகளும் உங்கள் மகள் கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்தவை. மற்றதெல்லாம் நான். இருபத்தெட்டு வருஷம் ரயில் பாதை கேங்கில் சல்லிக்கல் கொட்டி, சிலிப்பர் கட்டை மாற்றிய கை இது. சுதுகங்கை மணலைச் சலித்துச் சல்லியாகப் போட்டேன். கராம்புக் காம்பை வெட்டி வேலிக்கால் நட்டேன். சாக்கைப் பசையில் நனைத்து மலை எழுப்பினேன். தண்டவாளத்தில் ஒவ்வொரு இணைப்பும் நான் பற்றவைத்தது.

ஓட்டியது மட்டும் நீங்கள். பதினான்கு வருஷமும் நீங்கள் மட்டும்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கடை பூட்டியிருக்கும். நீங்கள் கொன்ட்ரோலரைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அதன் வயர் உங்கள் வயிற்றிலிருந்து மேசைக்குப் போகும். நான் மறுபக்கத்தில் நின்று, விழுந்த பெட்டிகளைத் தூக்கி வைப்பேன். எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

“நானா, ஒரே ஒரு சுத்து நான் ஓட்டிப் பாக்குறேனே?”

“இதுல எல்லாம் எழுத்து, வேலு. எந்த எஞ்சினுக்கு எந்த நம்பர், எந்த பட்டன்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்து அமுக்கணும். ஒனக்கு எதுக்கு அந்தக் கரச்சல்?”

“அப்ப நீங்க சொல்லுங்க, நான் அமுக்குறேன்.”

“நான் சொல்லி நீ அமுக்குறதுக்கு, நானே அமுக்கிட்டுப் போறேனே!”

சொல்லிவிட்டுச் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

ஒரு நாள் பஸ்ஸில் ஒருவருடைய ஃபோனில் பார்த்ததை வந்து சொன்னேன். வெளிநாட்டில் ஒரு கிழவர், வயர் இல்லாத கொன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு, ரயில் கோச்சி போகும் பக்கமெல்லாம் கூடவே நடந்து போனார். நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

“முப்பது வருஷமா ரேடியோ திருத்துறவன் சொல்றேன், கேட்டுக்க. காத்துல வர்றத நம்பாத. மழை பெஞ்சா அறும். மின்னல் அடிச்சா அறும். வயர்தான் நம்பிக்கை.”

ரேடியோக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். பலாபத்வல தேத்தண்ணிக் கடையில் அதையே என் சொந்த ஞானம் போல நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

என் கிளினிக் கார்டை வாசித்தது நீங்கள். பென்ஷன் கடிதத்தை வாசித்தது நீங்கள். மருந்துப் போத்தலை வாசித்ததும் நீங்கள். அதனால்தான் நீங்கள் மௌத்தாகிக் கண்ணை மூடியதும் எனக்குக் கண் போனது போல இருந்தது. உங்கள் மனைவி ராத்தா நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்காமல் இத்தா இருந்தார். அந்த நாட்களில் உங்கள் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. போவதற்கு வேறு இடமும் இல்லாமல், எங்கள் கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை நடந்த முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த பெண்கள்.

“என்ன மாப்பிள்ளை, இந்த வயசுல யாருக்கு லவ் லெட்டர் எழுதப் போறீங்க?” என்று முதல் நாளே ஒரு அம்மா கேட்டார்.

“பஸ் போர்டு வாசிக்கத்தான் வந்தேன் தாயி.”

“அதுக்கு எதுக்கு வகுப்பு? கொண்டக்டர்தான் கத்துறானே!”

அவர்கள் சிரித்தாலும் நான் விடவில்லை. நானா, அது என்ன சந்தோஷம் தெரியுமா? நிறம் பார்த்து பஸ் ஏறியவன், ‘நாலந்தா’ என்று வாசித்தேன். ‘கலேவெல’ என்று வாசித்தேன். போக வேண்டிய தேவை இல்லாமலே கலேவெல பஸ்ஸில் ஏறிப் போய், வழியில் இருந்த போர்டையெல்லாம் வாசித்துவிட்டுத் திரும்பி வந்தேன். பிஸ்கட் பெட்டி, சவர்க்காரக் கடதாசி, கரண்ட் கம்பத்தில் ஒட்டிய மரண அறிவித்தல், எதையும் விடவில்லை.

இத்தா முடிந்து ராத்தா கூப்பிட்டனுப்பியபோது உங்கள் கடைக்குப் போனேன். நான் எப்போதும் உட்காரும் வாங்குக்கு மேலே சுவரில் ஒரு போர்டு இருக்குமே. ரேடியோ விளம்பரம் என்று சொன்னீர்களே. அதை வாசித்தேன். ‘வேலை இல்லாதவர்கள் இங்கே உட்கார வேண்டாம்.’ கடைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தபோதெல்லாம் மரியாதைக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் திரும்பச் சிரித்திருக்கிறேன். சரி, அது விளையாட்டு என்று விட்டுவிடலாம். மேலே போனபோது பார்த்ததை விட முடியவில்லை.

மாடி அறைக் கதவைத் திறந்தால், எலி உங்கள் கொன்ட்ரோலர் வயரைத் தின்று தீர்த்திருந்தது. வயர்தான் நம்பிக்கை! கரண்டைப் போட்டதும் கொன்ட்ரோலர் பெட்டியும் புகைந்து போனது.

“ஓடுமா ஓடாதா, அத மட்டும் சொல்லுங்க வேலு,” என்றார் ராத்தா. “ஓடாதுன்னா கழட்டிருவோம். எங்க மச்சான் ஒருத்தர் வெங்காயம் அடுக்க அறை கேக்குறார்.”

“புதுசு வாங்கினா ஓடும் ராத்தா.”

“எந்தப் புதுசு? எனக்கு அதெல்லாம் தெரியாதே. அவர் ஏதோ கொப்பியில எழுதிக்கிட்டே இருப்பார், பாருங்க.”

கொப்பி மேசை லாச்சிக்குள் இருந்தது. ‘கொன்ட்ரோலர் தெரிவு’ என்று தலைப்புப் போட்டு, நான்கை வரிசையாக ஆராய்ந்து எழுதியிருந்தீர்கள். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். முதலாவதற்கு வயர் உண்டு. இரண்டாவதில் ஃபோனை வைத்தே ஓட்டலாம். மூன்றாவதற்கு வயர் இல்லை, ஆனால் வேகம் கூட்டவும் குறைக்கவும் வெறும் பட்டன்கள்தான். நாலாவதற்கும் வயர் இல்லை. வேகத்துக்குத் திருகு உண்டு. சிக்னல் அறுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். ஒரே பெட்டியில் இரண்டு கொன்ட்ரோலர்கள் வரும். இரண்டு பேர் இரண்டு எஞ்சினை ஒரே பாதையில் ஓட்டலாம்.

அதன் கீழே என் பெயர் இருந்தது. வே, லு. உங்கள் கையெழுத்தில் என் பெயர்! எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது தெரியுமா? பாதை போட்டவன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய் மெதுவாக வாசித்தேன்.

‘நாலாம் இலக்கம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனால் வயர் இல்லாவிட்டால் வேலு தனக்கும் ஒன்று கேட்பான். வேண்டாம்.’

வேண்டாம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

மழையும் இல்லை, மின்னலும் இல்லை. நான்தான் காரணம். மூன்று தடவை வாசித்தேன். நான் பிழையாகக் கூட்டுகிறேனோ என்றுதான் வாசித்தேன். சரியாகத்தான் கூட்டியிருந்தேன்.

அன்றிரவு உங்கள் மகள் கட்டாரிலிருந்து ஃபோன் எடுத்தாள். “வேலு மாமா, வாப்பா எத நல்லம்னு எழுதியிருக்காரு? வாசிங்க, நான் அதையே வாங்கி அனுப்புறேன்.”

“நாலாம் இலக்கம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது,” என்று வாசித்தேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மகள்.”

நீங்கள் எனக்கு வாசித்த மாதிரியே நானும் வாசித்தேன், நானா. வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டேன். ராத்தாவிடமும் அந்த மிச்ச வரியைச் சொல்லவில்லை. உங்கள் மானத்தைக் காப்பதற்காக என்று நினைக்க வேண்டாம். அது எனக்காக எழுதப்பட்ட வரி. எனக்கு மட்டும்தான் சொந்தம்.

பழிக்காக மட்டும் நாலாவதை எடுத்தேன் என்றும் நினைக்க வேண்டாம். நானும் யோசித்தேன். ஃபோன் எனக்குச் சரிவராது. சல்லிக்கல் தேய்த்த விரலை அந்தக் கண்ணாடி மதிப்பதில்லை, பத்துத் தடவை தொட்டால் ஒரு தடவை கேட்கும். பட்டன் என்றால் குனிந்து பார்க்க வேண்டும், அதற்குள் கோச்சி கவிழ்ந்துவிடும். திருகு என்றால் கண் பாதையில் இருக்கும், கட்டைவிரல் தன் வேலையைச் செய்யும். உங்கள் தெரிவு நல்ல தெரிவுதான். மனம்தான் சின்னது.

பெட்டி வந்தது. அதோடு வந்த தாளில் தமிழ் இல்லை. ஆனால் எண்கள் இருந்தன, படங்கள் இருந்தன, உங்கள் கொப்பி இருந்தது. மூன்று நாள் எடுத்தது. நாலாம் நாள் உங்கள் செல்லப் பச்சை எஞ்சினின் எண்ணை அமுக்கித் திருகைத் திருப்பினேன். நகர்ந்தது! நான் போட்ட பாதையில், என் கட்டைவிரலுக்குக் கீழ்ப்படிந்து நகர்ந்தது. நான் அதன் கூடவே நடந்தேன். உக்குவளையிலிருந்து மாத்தளை வரை, மேசையைச் சுற்றிச் சுற்றி, ஒரு வயரும் என்னைப் பிடித்து இழுக்காமல். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு கொஞ்சம் குறும்பு வேலையும் பார்த்தேன். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் ஊதக் கூடாது என்று நீங்கள் சொன்ன விசிலை இருபது தடவை ஊதினேன். உங்கள் பச்சை எஞ்சினைச் சாக்கு மலைச் சுரங்கத்துக்குள் நிறுத்தி, விளக்கையும் அணைத்துவிட்டு, கீழே போய் ஆறுதலாகச் சோறு சாப்பிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் துடித்திருப்பீர்கள்.

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். இரண்டாவது கொன்ட்ரோலரை யாருக்குக் கொடுத்தேன் தெரியுமா? கதவை அகலத் திறந்து வைத்து ராத்தாவைக் கூப்பிட்டேன்.

“இது உங்களுக்கு.”

“எனக்கா? நான் தேத்தண்ணியக் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போறவள்.”

“இன்னைக்குத் தேத்தண்ணி நான் ஊத்துறேன். நீங்க ஓட்டுங்க.”

முதலில் தொட்ட மாதிரியும் தொடாத மாதிரியும் திருகினார். இரண்டாம் சுற்றில் முகம் மலர்ந்தது. மூன்றாம் சுற்றில் திருகு முழுதாகத் திரும்பிவிட்டது.

“மெதுவா ராத்தா, மெதுவா!”

“எதுக்கு மெதுவா? நாப்பது வருஷம் மெதுவாத்தானே இருந்தேன்!”

மலைக்குப் பின்னால் இருக்கும் வளைவில் பச்சை எஞ்சின் துள்ளியது. பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு சாக்கு மலையில் போய்ச் சாய்ந்தது.

“அல்லாஹ்வே! நான் ஒண்ணும் செய்யல்ல!”

அவர் ஒன்றும் செய்யவில்லைதான். குனிந்து பார்த்தேன். இரண்டு தண்டவாளம் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை மேடு. நான் பற்றவைத்த இணைப்பு. என் பிழை. அதன் ஓரத்தில் மிக மெல்லிய அரத் தடம் இருந்தது, ஊசி முனை அளவு புது ஈயமும் இருந்தது. என் கை அவ்வளவு மெல்லியதல்ல. அது ரேடியோக்காரர் கை. நான் இல்லாத நேரத்தில் மேட்டைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறீர்கள். பாதை வேலை உங்களுக்கு வராது, சரியாகவில்லை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்திருக்கிறீர்கள். “கொஞ்சம் பள்ளத்தாக்கப் பாப்பம்” என்று சொல்லிக்கொண்டு! சாக்கு மலையில் ஏது பள்ளத்தாக்கு? பதினான்கு வருஷம் நான் அதை நம்பி, நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

“ஒங்க மனசு நோகும்னு சொல்லாம இருந்திருப்பார்,” என்றார் ராத்தா.

நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கொன்ட்ரோலரைத் தராமல் நோகடித்த மனிதருக்கு, இதில் மட்டும் என்ன இரக்கம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் சரிசெய்திருப்பேன். பாதைக்காரனிடம் பாதையின் பிழையைச் சொல்லாமல் இருப்பது மரியாதையா? அதையும் உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். மறுநாளே அந்த வளைவைப் பெயர்த்தெடுத்தேன். உங்கள் ஈயத்தையும் என் ஈயத்தையும் சேர்த்துச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். இப்போது ராத்தா முழு வேகத்தில் போகிறார். ஒரு சக்கரம் கூடத் துள்ளுவதில்லை. அங்கே நான் உங்களுக்குப் பட்டிருந்த கடனும் அதோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று, நானா. என் கோச்சி அந்த வளைவை நெருங்கும்போதெல்லாம், கட்டைவிரல் என்னைக் கேட்காமலே திருகைக் குறைத்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குறைக்கிறது. பாதையைத் திருத்திவிட்டேன், விரலைத் திருத்த முடியவில்லை. இதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.