நீங்கள் இறந்தது ஆகஸ்டில்

என் செல்லக் கோபக்கார அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாது. நாங்கள் நலமாக இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நேற்று வரை ஒரு வாரமாக அம்மா என்னோடு பேசவில்லை. கல்லூரி இன்டர்வியூவில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லையாம். யார் வாய் இது? உங்கள் வாய்தானே?

முதலில் நல்ல செய்தி. பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் மகள் ஸ்கூல் ஃபர்ஸ்ட். கேம்ப் ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி, ஸ்கூல் வாசலில் என் முகத்தை ஃப்ளெக்ஸ் பேனராக அடித்துக் கட்டினார்கள். போட்டோவாவது நல்லதாகப் போட்டார்களா? இல்லை, எண்ணெய் வழிகிற அந்த ஐடி கார்டு போட்டோ. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், ‘பன்னிரண்டாம் வகுப்பில் தந்தையை இழந்தும் சாதனை படைத்த எங்கள் மாணவி.’ உங்கள் சாவை வைத்து அட்மிஷன் பிடிக்கிறார்கள் அப்பா. அதைப் பார்த்தும் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு வேண்டியது பி.ஏ. பொருளாதாரம். உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் நீங்கள் வேலை பார்த்த கடைக்கு வந்து, மிக்ஸி பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஆடி மாதம் வந்தால் மட்டும் ஜனங்கள் ஏன் இப்படி முண்டியடிக்கிறார்கள் என்று உங்களை நச்சரித்த காலத்திலிருந்தே எனக்கு அதுதான். அதற்குப் பெயர்போன கல்லூரி நகரத்துக்குள் இருக்கிறது. தாம்பரத்தில் ரயில் ஏறினால் போய்விடலாம். ஆனால் அங்கே பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷ மார்க்கையும் கேட்கிறார்கள். நடுவில் இருக்கிற பதினொன்றுதான் என் தலைவலி. பத்தில் மேலே, பன்னிரண்டில் மேலே, பதினொன்றில் மட்டும் பள்ளம். கணக்கில் ஏதோ பாஸ்.

அந்தப் பள்ளத்தைத் தோண்டியது யார் என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் ப்ளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை நடத்த ஆரம்பித்தார்கள். ஒரே பாடத்தை இரண்டு வருஷம் அரைத்தால் பேனரில் போட மார்க் கிடைக்குமே, அதற்காக. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருகிறார் என்றால் அந்தப் புத்தகம் பைக்குள் போகும், பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் டெஸ்க்குக்கு வரும். அவர் போனதும் மறுபடி மாற்றிக்கொள்வோம். பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் நாலு கேள்விக்கு டிக் அடித்துக் கொடுத்து, இதைப் படித்தால் பாஸ் என்றார்கள். அதுதான் எங்களுடைய பதினொன்றாம் வகுப்பு.

நீங்கள் அதைக் கேட்டீர்கள். நான் மறக்கவில்லை. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று, “சார், அப்போ ப்ளஸ் ஒன் பாடத்த எப்போ நடத்துவீங்க?” என்று கேட்டீர்கள். கரஸ்பாண்டன்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஃபாதர் ரொம்ப டென்ஷன் ஆகுறாரு. ப்ளஸ் ஒன் மார்க்க எந்தக் காலேஜ்ல சார் பாக்குறான்? நாங்க இருக்கோம், உக்காருங்க.” எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

ஏன் உட்கார்ந்தீர்கள் அப்பா? கடையில் கம்பெனி ரெப்ரசன்டேடிவ் டை கட்டிக்கொண்டு வந்தால் அவரை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்பீர்களே, அந்த மனுஷன் அன்றைக்கு எங்கே போனார்? வீட்டுக்கு வந்ததும், “அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது” என்றீர்கள். எனக்கு உங்கள் மேலும் கோபம் இருக்கிறது. செத்துப்போனவர் என்பதற்காக அதை மறைக்கப்போவதில்லை.

இப்போது கேளுங்கள். அந்தக் கல்லூரியில், ஏதாவது ஒரு வருஷம் மார்க் குறைந்திருந்தால் காரணம் சொல்லி ஸ்கூலிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அம்மாவும் நானும் போனோம். கரஸ்பாண்டன்ட் அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார், உங்களை நினைத்து உச்சுக் கொட்டினார். பத்து நிமிஷத்தில் கடிதம் ரெடி. கேட்டுக்கு வெளியே வந்து பிரித்துப் படித்தேன். ‘பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சற்று முன்னர் தந்தையை இழந்த காரணத்தால் மாணவியின் மதிப்பெண்கள் குறைந்தன.’

நிமிர்ந்து பார்த்தால் மேலே பேனர். அதில் பன்னிரண்டாம் வகுப்பில் இறந்திருக்கிறீர்கள். கையில் இருக்கிற கடிதத்தில் பதினொன்றிலேயே இறந்துவிட்டீர்கள். ஒரே மனுஷனை அவர்கள் வசதிக்கு இரண்டு தடவை கொன்றிருக்கிறார்கள். திரும்ப உள்ளே போய்க் கேட்டதற்கு அவர் கோபப்படக்கூட இல்லை. “உனக்கு ஹெல்ப் பண்ணத்தானேம்மா போட்டேன். டெத் சர்டிபிகேட்டா கேக்கப்போறாங்க?”

நீங்கள் இறந்தது ஆகஸ்டில். அந்தப் பரீட்சை மார்ச்சில். ஒவ்வொரு பரீட்சைக்கும் நீங்கள்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டீர்கள். கணக்குப் பரீட்சை முடிந்து நான் அழுதுகொண்டே வந்தபோது, ஒன்றும் கேட்காமல் நேராக சானடோரியம் பக்கம் வண்டியை விட்டு, வெயிலில் நிற்க வைத்து கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தீர்கள். மே மாதம் அந்த மார்க்கை முதலில் பார்த்ததும் நீங்கள்தான். போனை வாங்கிப் பார்த்துவிட்டு வீடே அதிரக் கத்தினீர்கள். “நடத்தலைன்னா நீ படிக்க மாட்டியா? வாய் கிழியுதே, புத்தகம் தொறக்கத் தெரியாதா?” அப்புறம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் வழியில், “பசிக்குதாடி?” என்று கேட்டீர்கள். அதோடு சமாதானம்.

இதெல்லாம் நடக்கவே இல்லை என்று அந்தக் கடிதம் சொல்கிறது. ஆகஸ்டில் கடையில் ஒரு அம்மாவுக்கு வாஷிங் மெஷினை விளக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். உங்களோடு எனக்குக் கிடைத்ததே கொஞ்ச காலம். அதிலும் கடைசி மாதங்களைப் பிடுங்கி இவர்களுக்குக் கொடுக்க வேண்டுமா? நீங்கள் திட்டிய திட்டு எனக்கு வேண்டும் அப்பா. அதை யாருக்கும் தர மாட்டேன்.

நஸ்ரின் ஞாபகம் இருக்கிறதா, அனகாபுத்தூரிலிருந்து வருவாளே, என் பெஞ்ச்? அவளுக்கும் பதினொன்றில் இதே கதிதான். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதிதான். அவளும் கடிதம் கேட்டுப் போயிருக்கிறாள், தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்னுடையதைப் படித்துவிட்டு அவள் சொன்னாள்: “எங்க நைனா உயிரோட கீறாருடி. எனக்கு இன்னா காரணம் எழுதுவாங்க?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அம்மா மட்டும் கெஞ்சினாள். “ஒரு பொய்தானேடி. சீட்டு கெடைக்கட்டும். அவர் இருந்திருந்தா அவரே கொடுன்னு சொல்லியிருப்பாரு. கடையில ‘இன்னிக்குத்தான் கடைசி நாள் ஆஃபர்’னு வருஷம் பூரா சொன்னவருதானே?”

உண்மைதான். சொல்லியிருப்பீர்களா அப்பா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மா முகத்துக்காகக் கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டுதான் இன்டர்வியூவுக்குப் போனேன். யாராவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிடலாம் என்று ரயில் பல்லாவரம் தாண்டும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மேடம் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்ல முகம், நிஜமான பரிதாபம். “எக்ஸாம் நேரத்துல அப்பா தவறிட்டாங்களாம்மா? ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்.”

தலையை ஆட்டத்தான் நினைத்தேன். கரும்புச் சாறு ஞாபகம் வந்துவிட்டது.

“இல்லை மேடம். அந்த எக்ஸாமுக்கு அப்பாதான் என்னைக் கூட்டிட்டுப் போனாரு. அவர் இறந்தது அப்புறம், ஆகஸ்ட்ல. லெட்டர்ல தப்பா போட்டிருக்காங்க.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்போ மார்க் ஏன் குறைஞ்சுது?”

“ப்ளஸ் ஒன் பாடத்த நடத்தலை மேடம். அந்த வருஷமே ப்ளஸ் டூ பாடத்த ஆரம்பிச்சுட்டாங்க.”

ஓரத்தில் இருந்த சார் கண்ணாடியைக் கழற்றினார். “நிறைய ஸ்கூல்ல அப்படித்தான்மா. நீங்களா படிச்சிருக்கலாமே?”

அதே கேள்வி. நீங்கள் மே மாதம் கத்திய அதே கேள்வி. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “படிச்சேன் சார். நானா படிச்சு வாங்கினதுதான் அந்த மார்க். ப்ளஸ் டூ மார்க் ரெண்டு வருஷம் உருட்டி உருட்டி வாங்க வெச்சது. ரெண்டுல எது என்னோடதுன்னு கேட்டா, அந்தக் கொறைஞ்ச மார்க்தான் சார் என்னோடது.” குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிருக்கும். அந்த மேடம் கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். போய் வா என்றார்கள்.

முதல் லிஸ்டில் என் பெயர் இல்லை. காத்திருப்போர் லிஸ்டில் எங்கேயோ கீழே இருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனவள்தான், அதோடு பேச்சு நின்றது. நீங்கள் இல்லாமல் தனியாக என்னைக் கரையேற்ற வேண்டிய பயம் அவளுக்கு. அது புரிகிறது. ஆனாலும் என்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்டுக் கேட்டால் இதையேதான் சொல்வேன். இடம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஏதாவது கல்லூரியில் அதே பொருளாதாரம் படிப்பேன். எங்கே படித்தாலும் கோபப்படுவதற்குக் காரணம் மட்டும் குறையாது.

இன்னும் ஒன்று பாக்கி. நேற்று நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். பேனரை இறக்கச் சொன்னேன். “உனக்குப் பெருமைதானேம்மா” என்றார் கரஸ்பாண்டன்ட். என் மூஞ்சி, என் அப்பா, எனக்கு வேண்டாம் என்றேன். அட்மிஷன் முடியட்டும் பார்க்கலாம் என்றார். வெளியே வந்து, நஸ்ரின் பிடித்துக்கொண்ட ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அறுத்தேன். ஸ்டூல் வாட்ச்மேன் அண்ணனுடையது. அவர் எங்களைப் பார்த்துவிட்டு, “நான் டீ சாப்ட்டு வந்துர்றேன் பாப்பா” என்று ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அவ்வளவு பெரிய பேனரைச் சுருட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். பேசாமல் ஒரு முனையைப் பிடித்து விரித்தாள். என் முகமும் அந்த வரியும் தரை முழுக்கக் கிடந்தன. உங்கள் பைக் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கிறது, மழைச் சாரல் அடித்து சைலன்சர் துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அதன் மேல் போர்த்தலாம் என்று நான் பேனரைத் தூக்கினேன்.

“எழுத்து உள்பக்கமா போகட்டும்டி” என்றாள் அம்மா. ஒரு வாரமாகப் பேசாதவளின் முதல் வார்த்தை அதுதான். இரண்டு பேருமாகத் திருப்பிப் போட்டுக் கட்டினோம்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எந்தக் கல்லூரியில், எந்த ஆபீஸில், யார் எவ்வளவு பரிவோடு கேட்டாலும், எனக்கு அதனால் என்ன கிடைப்பதாக இருந்தாலும், நீங்கள் இறந்தது ஆகஸ்டில் என்றுதான் சொல்வேன். அதுவரை இருந்தீர்கள் என்றும் சொல்வேன்.

இப்படிக்கு,
மே மாதம் உங்களிடம் திட்டு வாங்கிய மகள்,
ஜெனி