வைக்கோல் கருகிய இடம்

1982 மார்ச் 4, வியாழன்

லொறி நிற்கிற இடத்தில் வைக்கோல் கருகிக் கிடந்தது. முற்றமெல்லாம் பனி ஈரம். அங்கே மட்டும் சுளகு அளவில் ஒரு கறுப்பு வட்டம். சாம்பல் கொட்டினீங்களா என்று உம்மாவிடம் கேட்டேன். இல்லையாம். பீடித் துண்டாகவும் இருக்காது. மச்சான் பீடி குடிப்பதில்லை.

மச்சான் சுபஹு தொழுதுவிட்டு லொறியை எடுத்துப் போன பிறகுதான் முற்றம் கூட்டுவேன். கூடப்பிறந்த ராத்தாவைக் கல்யாணம் முடித்து அவர் எங்கள் வீட்டோடு வந்து ஒரு மாரி போய்விட்டது. இன்னும் அவர் முன்னால் நான் நின்றதில்லை. செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள். லொறியைத்தான் நன்றாகத் தெரியும். ராத்தாவின் சீதனத்தோடு வாப்பா கொடுத்தது. யப்பானில் ஓடிவிட்டுக் கப்பலில் வந்த பெற்றோல் லொறி. நீலம். கதவில் யப்பான் எழுத்து, கோழி கிளறினது மாதிரி. எனக்கு அது அழகு.

இன்று: நெல் அவித்தது. பாய் இழைக்கிற பன்புல் காயப்போட்டது. ஒரு குஞ்சைக் காகம் கொண்டுபோனது.

மார்ச் 5, வெள்ளி

நல்ல வெயில். ஜும்ஆ முடிந்து வந்து சோறு தின்னும்போது வாப்பா உம்மாவிடம் குறைப்பட்டார். மச்சான் அறைக்குள் அயர்ந்து தூக்கம்.

வட்டை வயலில் சூடடித்த நெல் களத்திலேயே குவிந்து கிடக்கிறது. மழை பெய்தால் முளைத்துவிடும். மற்ற லொறிகள் நிறையப் பாரம் ஏற்ற, மருமகன் பாதிப் பாரம்தான் ஏற்றுகிறாராம். உடம்பு வளையாத ஆள் என்று வாப்பாவின் முடிவு.

“திங்களுக்குள்ள நெல் வந்து சேரல்ல எண்டா டிராக்டர் புடிக்கிறன். லொறிய விப்பம். மருமகன் அவர்ர வாப்பாட கடைக்கே போகட்டும்.”

மருமகனிடம் நேரே கேட்கமாட்டார். எங்கள் பக்கம் அப்படித்தான். வாப்பா உம்மாவிடம், உம்மா ராத்தாவிடம், ராத்தா மச்சானிடம். இந்தக் கதை ராத்தாவோடு நின்றுவிட்டது. அடுப்படியில் இருந்து அழுதாள்.

அவள் சொல்லித்தான் எனக்கும் தெரிய வந்தது. லொறி இழுக்கவில்லை. வந்த புதிதில் நன்றாக இழுத்ததாம். இப்போது நிறைந்த பாரத்தோடு வாய்க்கால் கட்டு மேட்டில் ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறதாம். அதனால்தான் மச்சான் பாதி ஏற்றி, இரண்டு மடங்கு நடை போகிறார். ஆளும் வைக்காமல் மூடையெல்லாம் தானே சுமக்கிறார். தோள் உரிந்து, ராத்தா இரவில் தேங்காயெண்ணெய் பூசுகிறாள்.

ஏன் வாப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மாமா தந்த சாமானுக்கு நொட்ட சொல்ல எனக்கு வாய் வராது எண்டு சொல்றாரு புள்ள.”

இவர் சொல்லமாட்டார். அவர் கேட்கமாட்டார். நடுவில் லொறி.

மச்சானைப் பற்றி நினைத்துக்கொண்டே அரிசி புடைத்தேன். தோள் உரிந்தும் வாய் திறக்காத மனிசன். எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது பெருமையாக இருந்தது.

மார்ச் 7, ஞாயிறு

மேகம். காற்று இல்லை.

காலையில் லொறியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு மச்சான் கயிறு எடுக்கப் போனார். கதவிடுக்கால் பார்த்தேன். புகைக்குழாய்க்கு நேரே கிடந்த பலா இலை அசையவில்லை. தெருவில் போகிற லொறிகள் என்றால் இலையென்ன, மண்ணே பறக்கும்.

பொழுது பட, மஃரிபுக்கு முன் லொறி திரும்பி வந்தது. மச்சான் பள்ளிக்குத் தொழப் போனதும் போய்க் குனிந்தேன். இஞ்சினிலிருந்து புகைக்குழாய் வருகிற வழியில் ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவில் இரும்புப் பெட்டி. அடிப்பக்கம் தணல் மாதிரிச் சிவப்பு. கருகிய வட்டத்துக்கு நேர் மேலே. கூழ்முட்டை நாற்றம் வேறு.

போன வருசம் எங்கள் அடுப்படிப் புகைக்கூட்டுக்குள் அணில் கூடு வைத்தது. எத்தனை கொள்ளி வைத்தும் அடுப்பு மூண்டு எரியவில்லை. புகை போக வழியில்லாவிட்டால் நெருப்பு எப்படி எரியும்? லொறிக்கும் அதுதானோ? எழுதவே வெட்கம். எட்டாம் வகுப்போடு வீட்டில் இருத்திய எனக்கு லொறியைப் பற்றி என்ன தெரியும்.

உம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஆம்பிளைகளின் வேலைக்குள் தலையைப் போடாமல் கோழியை அடை என்றார்.

கருகிய வைக்கோலில் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியாது.

மார்ச் 8, திங்கள்

விடியத் தூறல். களத்து நெல்லை நினைத்து வாப்பா தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

லொறியை விற்கிறதற்கு முன் பார்க்கச் சொல்லிக் காரைதீவிலிருந்து பாஸைக் கூப்பிட்டிருந்தார். லொறி திருத்துகிறவர், நிறையச் சிரிக்கிற ஆள். அவர் ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டு இழுவை இல்லை, இஞ்சினைக் கழற்றத்தான் வேண்டும், நாள் எடுக்கும் என்றார்.

“குடுத்து நாலு மாசமாகல்ல. இஞ்சினத் திண்டாச்சி.” வாப்பா பாஸுக்குத்தான் சொன்னார். மச்சான் பக்கத்தில் நின்றார். உரிந்த தோளில் துவாயை இழுத்துப் போட்டார். ராத்தா என் கையை நோகப் பிடித்தாள்.

தேத்தண்ணித் தட்டைத் திரைக்கு வெளியே நீட்டுவது என் வேலை. கோப்பைக்குக் கீழே வைக்கிற பீரிஸ் ஒன்றில் அந்தக் கருகிய வைக்கோலை வைத்து நீட்டினேன்.

“இதென்ன கூத்து?” என்று வாப்பா கேட்டார்.

திரைக்குள் நின்று சொன்னேன். “லொறிக்குக் கீழ கிடந்த, வாப்பா. குழாய்ல இருக்கிற பெட்டி செக்கச் செவேலெண்டு எரியிது. குழாயால காத்து வரல்ல.” வேறு யாரோ சொல்வது மாதிரிக் கேட்டது.

பாஸ் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் குழாயின் வாயில் கையைப் பிடித்தார். பிறகு கீழே படுத்தார். படுத்தபடி சிரித்தார்.

“இஞ்சின் நல்லாத்தான் இருக்கு முதலாளி. மூக்கைத்தான் பொத்தி வெச்சிருக்கு.”

புகையைச் சுத்தமாக்க யப்பான்காரன் வைத்த பெட்டியாம். எங்கள் பெற்றோலில் ஈயம் கலந்திருக்கிறதாம், அந்தப் பெட்டிக்கு ஒத்துவராதாம். அடைத்துக்கொண்டால் புகை வெளியே போகாது, இஞ்சினுக்குப் புதுக்காற்று எடுக்க இடமில்லை. கொழும்பில் வேலை செய்தபோது இரண்டு வேனுக்கு வெட்டி எறிந்திருக்கிறாராம். இதில் இருக்குமென்று நினைக்கவில்லையாம்.

வாப்பா மச்சானைப் பார்த்தார். “இழுக்கல்ல எண்டு தெரியுமா மருமகன்?”

“ஓம் மாமா.”

“நான் தந்த லொறி எண்டுதான் சொல்லல்ல.”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். வாப்பா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து, தான் குடிக்காமல் அவரிடம் நீட்டினார்.

மார்ச் 9, செவ்வாய்

வெயில். அல்ஹம்துலில்லாஹ்.

பாஸ் பெட்டியை வெட்டி எடுத்து நேர்க்குழாய் ஒட்டிக் கொடுத்துவிட்டார். பெட்டி எங்கள் வாசலில் கிடக்கிறது. உள்ளே பார்த்தேன். தேன்வதை மாதிரிக் கண்கள், மா அரிக்கிற அரிதட்டின் கண்ணைவிடச் சின்னது, ஒன்றுகூடக் கோணல் இல்லை. பாதி உருகி ஒட்டி, மீதி சாம்பல் நிறத்தில் அடைத்து. தெருவில் போகிறவன் நல்ல காற்றை இழுக்கட்டும் என்று எங்கேயோ ஒருவர் இருந்து இவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார். இங்கே வந்து அடைபட்டுப் போனது. எறிய மனம் வரவில்லை. தேய்த்துக் கழுவி வைத்தேன்.

லொறியின் புகை இப்போது முன்னைவிட நெடி. உடுப்புக் கொடியைக் கிணற்றடிக்கு மாற்ற வேண்டும்.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வாப்பா தானே ஏறி மச்சானுக்குப் பக்கத்தில் இருந்து வட்டைக்குப் போனார். இதுவரை அப்படிப் போனதில்லை. ராத்தா ஒரு வேலையும் செய்யவில்லை.

பின்னேரம் அஸர் பாங்குக்குப் பிறகு சத்தம் கேட்டது. முன்னையைவிட உரத்த சத்தம். தெரு முனையில் மூடைக்கு மேல் மூடை, ஓலைவேலிக்கு மேலால் தெரிந்தது. உம்மா தொழுகையில். ராத்தா கிணற்றடியில். மச்சான் ஒருமுறை ஹோன் அடித்தார்.

அடுப்படிக்குள் ஓடாமல், முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, போய்ப் படலையைத் திறந்தேன்.