இரண்டு இடத்தில் ஒரே போட்

வியாழன், இரவு

யார் கையில் கிடைத்தாலும் இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பா போனை மறந்து வைத்துவிட்டு போட் டியூட்டிக்குப் போயிருந்தார். அதைத் தொடக்கூடாது என்பது அவர் கட்டளை. இருந்தும் எங்கள் ஜங்லிகாட் வீட்டு மொட்டைமாடியில் நின்று, ஒரு படத்தின் ஓரம் அடுத்ததிலும் வரும்படி மெல்லத் திரும்பித் திரும்பி, கடலை ஏழு படங்களாக எடுத்து, போனிலேயே ஒரே நீளப் படமாக ஒட்டினேன். நான் திரும்பிய பக்கமே அப்பாவின் போட்டும் போனதால், அது படத்தில் இரண்டு இடத்தில் விழுந்துவிட்டது.

“அரே, உங்க அப்பாவுக்கு டபுள் டியூட்டியா?” என்று படத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ரீனா சிரித்தாள்.

அழித்தால் நாளை பள்ளிப் புகைப்படப் போட்டிக்குப் படம் இல்லை. அழிக்காமலே போனை வைத்துவிட்டேன். இப்போது டியூட்டி முடிந்து வந்த அப்பா கூடத்தில் அம்மாவிடம் போனில் ஏதோ காட்டுகிறார். அம்மா சிரிக்கிறாள்.

கதவைத் தட்டும் சத்தம்.

“பாப்பா, தூங்கிட்டியா? இதுல நான் எந்த போட்ல இருக்கேன்?”