லேமினேட் செய்த பனிக்கழுகு

ஜூன் 3, செவ்வாய்

கடையில் ஜெராக்ஸ் மெஷின் இன்று மூன்று முறை மக்கர் செய்தது. வீட்டில் மனைவியின் மகள் குருவியும் அப்படித்தான். கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. அவள் என்னிடம் பேசுவது மொத்தமே மூன்று: 'ம்', 'தெரியாது', 'அம்மாகிட்ட கேளுங்க'. பதினொரு வயதில் இவ்வளவு சிக்கனம் ஆகாது.

அவள் உலகமெல்லாம் சேர்த்து வைத்து மாற்றிக்கொள்ளும் விளையாட்டுக் கார்டுகள்தான். இருப்பதிலேயே உசத்தியான பனிக்கழுகு கார்டின் ஓரம் லேசாக மடங்கிவிட்டதாம், அம்மாவிடம் சொல்லி அழுதாள். நான் வைத்திருப்பதோ லேமினேஷன் கடை. சும்மா இருப்பேனா?

ஜூன் 4

பண்ணித் தொலைச்சுட்டேன்.

அவள் பள்ளிக்குப் போனதும் பனிக்கழுகை எடுத்துப் போய், நல்ல தடிமனான ஷீட் போட்டு லேமினேட் செய்து, மூலைகளைக்கூட வளைவாக வெட்டினேன். சாயங்காலம் பல்லெல்லாம் தெரிய நீட்டினேன். பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

"லேமினேட் பண்ணினா யாரும் மாத்திக்க மாட்டாங்களாம். செத்த கார்டாம்," என்றாள் மனைவி.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஏன் கேக்கல? பெரிய இவனாட்டம் —

ஜூன் 6

'ம்' கூட இல்லை.

ஜூன் 9

கார்டு கடைக்காரரிடம் போய் உட்கார்ந்தேன். கார்டின் கீழ் மூலையில் எள்ளு அளவுக்கு ஒரு குறி இருக்கிறது. வட்டம் என்றால் சாதாரணம். டைமண்ட் என்றால் கொஞ்சம் அரிது. நட்சத்திரம் என்றால் அரிது. "பனிக்கழுகு நட்சத்திரம் சார். முப்பது பாக்கெட் பிரிச்சா ஒரு கழுகு வந்தா உண்டு," என்றார். என்னமோ துக்கம் விசாரிப்பது போல இருந்தது அவர் குரல்.

ஊரார் சான்றிதழில் சின்னப் புள்ளி இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான். வீட்டிலிருந்த நட்சத்திரம் கண்ணில் படவில்லை. பன்னிரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன்.

ஜூன் 10

சாப்பாட்டு மேஜையில் பிரித்தேன். வட்டம், வட்டம், வட்டம். குருவி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை.

"அப்படிப் பிரிக்காதீங்க, ஓரம் மடங்கிடும்."

வந்து உட்கார்ந்தாள். அவள் பிரித்துக் கொடுக்க, நான் குறி பார்த்து அடுக்கினேன். இரண்டு நட்சத்திரம் வந்தன, கழுகு இல்லை. ஒரு பல்லி கார்டை நட்சத்திரத்தோடு சேர்த்து வைத்தேன், வெடுக்கென்று பிடுங்கினாள்.

"குறியை மட்டும் பாத்தா போதாது, நம்பரையும் பாக்கணும். மொத்தமே தொண்ணூறு கார்டு. இது தொண்ணூத்தி நாலு. லிஸ்ட்லயே கிடையாது. ரகசியக் கார்டு!"

அடேயப்பா, இத்தனை வாக்கியமா. எனக்குப் பல்லியைவிட அதுதான் பெரிதாகப் பட்டது.

"நீயே வச்சுக்கோ," என்றேன். "அன்னிக்குக் கேக்காம செஞ்சது தப்பும்மா."

"ம்," என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை.

ஜூன் 13

இரவுச் சாப்பாட்டின்போது திடீரென்று, "டைமண்டுக்கு எத்தனை வட்டம் குடுக்கலாம்?" என்று கேட்டாள். நான்கு என்றேன். "மூணு. ஏமாந்துடுவீங்க," என்றாள். மனைவி குனிந்து சிரித்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

குருவிக்குக் காய்ச்சல். கார்டு கடையில் இன்று மாற்றிக்கொள்ளும் கூட்டம். மாதத்தில் ஒரு நாள்தான். ஆல்பத்தையும், வேண்டிய கார்டுகளை எழுதிய ஒரு சீட்டையும் என் கையில் கொடுத்து, "நீங்க போயிட்டு வாங்க," என்றாள். எனக்கா? ஆல்பத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பொடிசுகளுக்கு நடுவில் நரைத்த தலையோடு உட்கார்ந்தேன். சீட்டில் இருந்த நாலையும் மாற்றிவிட்டேன். மூன்று வட்டத்துக்கு மேல் யாருக்கும் கொடுக்கவில்லை. அப்போதுதான் ஒரு பெண் பனிக்கழுகை நீட்டினாள். மடங்கல் இல்லை, கீறல் இல்லை, புத்தம் புதுசு. "அந்தப் பல்லியைக் குடுத்தா தரேன் அங்கிள்."

கொடுத்துவிட்டால் என் தப்பு சரியாகிவிடும். கை ஆல்பத்துக்குப் போய்விட்டது. பிறகு போனை எடுத்துக் குருவியிடம் கேட்டேன்.

"வேணாம்," என்றாள், மூக்கடைத்த குரலில். "பனிக்கழுகுதான் நம்மகிட்ட இருக்கே."

"அது செத்த கார்டுன்னு அம்மாகிட்ட சொன்னியே."

"மாத்தத்தான் முடியாது. கடைசிப் பக்கம் பாருங்க."

புரட்டினேன். நான் போட்ட தடிமன் ஷீட் ஆல்பத்தின் உறைக்குள் நுழையாது. கத்தரிக்கோலால் உறையின் ஓரத்தைப் பிரித்து, கழுகை உள்ளே வைத்து, செலோ டேப் ஒட்டியிருந்தாள்.

அந்தப் பெண் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். "வேண்டாம்மா," என்றேன், "எங்ககிட்ட ஒண்ணு இருக்கு."